பழைய லேபிள் தீரும்வரை

எஸ்கேயின் கண்ணில் மஞ்சள் ஏறியிருந்தது. வார்டு வாசலில் நின்றபோதே இன்ஸா அதைப் பார்த்துவிட்டாள். பார்த்தது முகத்தில் தெரிந்துவிடக் கூடாது என்று, கொண்டுவந்த கம்பளிக் காலுறையைப் பையில் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

"தலையை நிமிருங்க. தொத்திக்காது," என்றாள் எஸ்கே. "யெல்தோ என்ன சொல்றான் தெரியுமா? படகு முனையில என்னை உக்கார வெச்சா விளக்கே வேண்டாமாம்."

யெல்தோ அவள் புருஷன். லேர் துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவன். மனைவி ஆஸ்பத்திரியில் படுத்து ஒன்பது நாளாகிறது. கேலி செய்வதைத் தவிர அவனுக்கு வேறு வைத்தியம் தெரியவில்லை.

எஸ்கேவுக்கு இருபத்தாறு வயது. சினைப்பையில் நீர்க்கட்டி. நான்கு வருடமாகக் குழந்தைக்காகக் காத்திருக்கிறாள். டிசம்பர் பத்தாம் தேதி ஓல்டன்பர்க் கருத்தரிப்பு மையத்தில் அவளுக்குக் கருமுட்டை எடுப்பதாக இருந்தது. இரண்டு வருடம் வரிசையில் நின்று வாங்கிய தேதி. அதற்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் எண்கள் இருக்க வேண்டியதைப் போலப் பன்னிரண்டு மடங்கு இருந்தன. அன்றைக்கே இங்கே படுக்கவைத்துவிட்டார்கள். தேதி போயிற்று.

"திங்கக்கிழமை ஊசி விட்டு கல்லீரல்லேர்ந்து ஒரு துண்டு எடுக்கப் போறாங்க," என்றாள். யாருக்கோ நடப்பதைச் சொல்வது போலச் சொன்னாள். "என் உடம்பே என் கல்லீரலைத் தின்னுதுன்னு நினைக்கிறாங்க. செவ்வாய்க்கிழமைலேர்ந்து ஸ்டீராய்டு. ரெண்டு வருஷமாவது சாப்பிடணுமாம். அதுவரைக்கும் குழந்தைப் பேச்சே கூடாதாம்."

இன்ஸா காலுறையைக் கட்டிலில் வைத்தாள். அவளுக்கு முப்பத்து நான்கு வயது. அதே நீர்க்கட்டி. குழந்தை ஆசையை முப்பதிலேயே மூட்டை கட்டி வைத்துவிட்டாள். மாவட்ட நிலப்பதிவு அலுவலகத்தில் வேலை. மாதம் ஒரு சனிக்கிழமை சங்கத்தில் நடவடிக்கைக் குறிப்பு எழுதுவாள். சங்கம் என்றால் எழுதிப் பதிவு செய்த சங்கம். தலைவி உண்டு, சந்தா உண்டு, விதிகள் பதினேழு பக்கம் உண்டு. நீர்க்கட்டி உள்ள பெண்கள் இருபத்தேழு பேர். எஸ்கேயை அங்கே கூட்டிப்போனவளே இன்ஸாதான்.

மதிய உணவுத் தட்டு வந்தது. கட்டித் தயிர், வேகவைத்த உருளை, கேரட். எஸ்கே மேசை இழுப்பறையைத் திறந்து, சங்கத்தில் வாங்கிய ஒரு பழுப்புக் குப்பியை எடுத்தாள். மூன்று மாத்திரைக் கூடுகளைப் பிரித்து, உள்ளே இருந்த தூளைத் தயிர்மேல் தட்டினாள். பட்டை வாசனை கட்டிலைச் சுற்றி எழுந்தது.

"இதை இங்கேயும் சாப்பிடுறியா?" என்றாள் இன்ஸா.

"ஒரு வேளை விட்டதில்லை."

"டாக்டருக்குத் தெரியுமா?"

"எது?"

"இதுதான்."

"இது என்ன மருந்தா? என்னென்ன மருந்து சாப்பிடுறீங்கன்னு ஃபார்ம்ல கேட்டாங்க. ஒன்னும் இல்லைன்னு போட்டேன். பட்டையை எழுதினா அப்புறம் உப்பு, மிளகையும் எழுதணும்."

"இல்ல, கல்லீரல்னு சொல்றாங்களே."

"நான் படிக்காமலா இருப்பேன்?" எஸ்கே கரண்டியை நக்கினாள். "சீனப் பட்டைதான் கல்லீரலுக்கு ஆகாது. அதுல கூமரின்னு ஒன்னு இருக்கு. தினமும் சாப்பிட்டா சில பேருக்கு ஏறிடுமாம். இலங்கைப் பட்டையில அது கிட்டத்தட்ட கிடையாது. நம்மளது இலங்கை. பாருங்க."

குப்பியைத் திருப்பிக் காட்டினாள். பச்சை லேபிள். சுருள் சுருளாகப் பட்டைப் படம். 'தூய இலங்கைப் பட்டை' என்று கீழே.

சீனப் பட்டை. அந்தச் சொல்லை இன்ஸா இதற்குமுன் ஒரே ஒரு முறைதான் எழுதியிருக்கிறாள். தன் கையால், சங்கத்துக் குறிப்பேட்டில். எப்போது, எந்தக் கூட்டத்தில் என்று நினைவில்லை. எழுதியது மட்டும் நினைவிருந்தது.

"கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வையேன், எஸ்கே."

"எதுக்கு?"

"சும்மாதான். எல்லாம் சரியாகட்டும்."

"இதைச் சாப்பிட ஆரம்பிச்ச அப்புறம்தான் எனக்கு மாசாமாசம் ஒழுங்கா வந்துது. நிறுத்தச் சொல்றீங்க. ரெண்டு போதாது, வேளைக்கு மூணு போடுன்னு மார்ச்சுல சொன்னது யாரு? நீங்கதானே?"

சொன்னது இன்ஸாதான். அதுவும் குறிப்பேட்டில் இருக்கும்.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். கையை நீட்டிக் குப்பியைப் பிடுங்கியிருக்கலாம். ஆனால் பதினொரு வருடம் நிலப்பதிவில் உட்கார்ந்தவளுக்குத் தாளில் பார்க்காமல் எதையும் சொல்ல வராது. வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று எழுந்தாள். எஸ்கே தயிரை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டில் குறிப்பேட்டைப் புரட்டினாள். மே மூன்றாம் தேதிக் கூட்டம். நிகழ்ச்சி நிரலில் நான்காவது பொருள். இன்ஸாவின் கையெழுத்து சுத்தமாக, சாய்வில்லாமல் இருந்தது.

'தலைவி தாலேயா தெரிவித்தது: இம்மாதம் முதல் தூள் வேறு இடத்திலிருந்து வருகிறது. சீனப் பட்டை. விலை பாதி. பழைய லேபிள் இன்னும் ஆறு கட்டு இருக்கிறது. தீரும்வரை அதையே ஒட்டலாம். எதிர்ப்பு இல்லை.'

அன்றைக்கு எஸ்கே வரவில்லை. ஓல்டன்பர்க்கில் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தாள். மற்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். நல்ல பசை லேபிளை யார் குப்பையில் போடுவார்கள்? கிறிஸ்துமஸ் பரிசு சுற்றிய காகிதத்தை இஸ்திரி போட்டு அடுத்த வருடத்துக்கு எடுத்துவைக்கிற ஊர் இது. குறிப்பு அடுத்த கூட்டத்தில் படிக்கப்படாமலே நிறைவேறியது. சங்கத்துக் குறிப்பை யாரும் படிப்பதில்லை. எழுதியவள்கூடத் திரும்பப் படிக்கவில்லை.

எஸ்கேயின் எண்ணை எடுத்தாள். அழுத்தவில்லை. எதுவானாலும் முதலில் தலைவிக்கு என்பது சங்கத்து விதி. அதையும் விதிப்புத்தகத்தில் தட்டச்சு செய்தவள் அவள்தான். தாலேயாவை அழைத்தாள்.

முழுதும் கேட்டுவிட்டுத் தாலேயா சொன்னது இவ்வளவுதான்: "நாளைக்குக் கூட்டம் இருக்குல்ல. வா, உக்காந்து பேசலாம். அந்தக் குறிப்பு ஃபைலை எடுத்துட்டு வா."

இன்ஸா அந்த 'நாளைக்கு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டாள். அதற்காகத் தன்னைப் பின்னால் அவள் மன்னிக்கவில்லை.

சனிக்கிழமை மூன்று மணி. நூலகத்துக்குப் பின்னால் இருக்கிற அறை. அன்று பதினோரு பேர் வந்திருந்தார்கள். பீங்கான் கோப்பைகள், நடுவில் மெழுகுவத்தி எரிகிற தாங்கிமேல் தேநீர்க் கெண்டி. சர்க்கரை ஆகாது என்று கற்கண்டுக் கிண்ணத்தை மூன்று வருடத்துக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். அதன் இடத்தில் பட்டைத்தூள் கிண்ணம். சூடு பட்டுக் கற்கண்டு வெடிக்கிற சத்தம் இல்லாமல் தேநீர் ஊற்றுவது சவ அடக்கத்துக்கு ஊற்றுவது போல இருக்கிறது என்று சில்யா மாதாமாதம் சொல்வாள். இன்றும் சொன்னாள். இன்று யாரும் சிரிக்கவில்லை.

தாலேயா ஐம்பது தாண்டியவள். உயரமானவள், தோள் அகலம். இயன்முறை சிகிச்சை செய்கிற கை. ஒரு கெண்டி தேநீரை ஒற்றை விரலில் தூக்குவாள். மூன்று முறை கரு கலைந்தவள். உடம்பைக் குறைத்துவிட்டு வா, இல்லாவிட்டால் வராதே என்று ஒரு டாக்டர் கதவைக் காட்டியபோது அவளுக்கு முப்பது. அந்தக் கோபத்தில் கட்டிய சங்கம் இது. முகத்தில் மயிர் முளைக்கிறது என்று இங்கே வந்து அழுதவளைப் பார்த்து அவள் சிரித்ததில்லை. புதினாத் தேநீர் போட்டுக் கொடுப்பாள், ரொட்டியை எப்படிக் குறைப்பது என்று எழுதிக் கொடுப்பாள், இரவில் ஃபோன் எடுப்பாள். தூளை அவள் வீட்டு சலவை அறையில், கையால் இயக்குகிற பலகையில் வைத்து அவளே கூடுகளில் அடைப்பாள். இதெல்லாம் இன்ஸாவுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் எரிந்தது.

"அடுத்த பொருளுக்கு முன்னாடி ஒரு சின்னத் திருத்தம்," என்றாள் தாலேயா. "மே மாசக் குறிப்புல ஒரு தப்பு நுழைஞ்சிருக்கு. தூளைப் பத்தின வரிகள். அதை எடுத்துடலாம்னு என்னோட தீர்மானம்."

"தப்பு எதுவும் நுழையல," என்றாள் இன்ஸா. "நீங்க சொன்னீங்க. நான் எழுதினேன்."

"நான் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல."

"எனக்கு இருக்கு. எஸ்கே மஞ்சளா கிடக்கிறா, தாலேயா. லேபிளை நம்பிக்கிட்டு ஆஸ்பத்திரியிலயே மூணு மூணா சாப்பிடுறா."

அறையில் சலசலப்பு எழுந்தது. ஒருத்தி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எஸ்கே கல்லீரல் நம்ம பட்டையாலதான் கெட்டுதுன்னு யார் சொன்னா?" தாலேயாவின் குரல் உயரவே இல்லை. "டாக்டரா? நீயா? கிறிஸ்துமஸ் வந்தா ஊரே பட்டை பிஸ்கட்டைத் தின்னு தீர்க்குது. எத்தனை பேர் மஞ்சளானாங்க? நானே ஒரு நாளைக்கு எட்டு சாப்பிடுறேன். என் கண்ணைப் பாரு."

"நான் உங்க கண்ணைப் பாக்க வரல. டாக்டர்கிட்ட ஒரு ஃபோன் பண்ணுங்கன்னு சொல்ல வந்தேன். அவ்வளவுதான். லேபிள் வேற, உள்ள இருக்கிறது வேறன்னு ஒரு வார்த்தை."

"அந்த ஒரு வார்த்தைக்கு அப்புறம் என்ன நடக்கும்னு யோசிச்சியா? சுகாதாரத் துறை வரும். சங்கத்தை மூடுவாங்க. இருபத்தேழு பேரும் எங்க போவாங்க? அந்த டாக்டருங்ககிட்டயா? பத்து கிலோ குறைச்சுட்டு வான்னு சொல்லுவாங்க, அவங்ககிட்டயா?"

பலர் தலையாட்டினார்கள். எல்லோருக்கும் அந்த வாக்கியம் தெரியும். ஒவ்வொருத்தியும் ஒரு வெள்ளைக் கோட்டின் வாயால் அதைக் கேட்டவள்தான். இன்ஸாவும் கேட்டிருக்கிறாள். அந்த வாக்கியத்தின்மேல் இத்தனை வருடம் வைத்திருந்த கோபம் இப்போது இந்த மேசைப் பக்கம் திரும்புவது அவளுக்கே தெரிந்தது.

"ஒரு வரிதானே, இன்ஸா," என்றாள் சில்யா. கெஞ்சுகிற குரல். "எடுத்துட்டா யாருக்கு என்ன நஷ்டம்? எஸ்கேகிட்ட நாம தனியா, நைசா சொல்லிக்கலாம். வீட்டுக்கு வந்த அப்புறம்."

"திங்கக்கிழமை கல்லீரல்ல ஊசி ஏத்தறாங்க. செவ்வாக்கிழமை ஸ்டீராய்டு. ரெண்டு வருஷம் குழந்தை கிடையாது. வீட்டுக்கு வந்த அப்புறம் என்னத்த நைசா சொல்லப் போற?"

"கத்தாதே."

"கத்தல. கத்தத் தெரிஞ்சிருந்தா மே மாசமே கத்தியிருப்பேன். சீனப் பட்டைன்னா என்னன்னு கேக்கக்கூட இல்ல. எதிர்ப்பு இல்லைன்னு எழுதிட்டு அடுத்த பொருளுக்குப் போனேன். நீங்க எல்லாரும் தலையாட்டினீங்க. நான் தலையாட்டினதை எழுதினேன்."

"இந்த விஷயம் இன்னைக்குப் பொருள் வரிசையில இல்ல," என்றாள் தாலேயா. "விவாதம் வேணும்னா ரெண்டு வாரத்துக்கு முன்னாடி எழுத்துல குடுத்திருக்கணும். உனக்கே தெரியும். திருத்தம் மட்டும்தான் இப்ப. ஆதரவா இருக்கிறவங்க கையைத் தூக்குங்க."

கைகள் எழுந்தன. மெதுவாக, ஒன்றன் பின் ஒன்றாக. சில்யாவின் கை கடைசி. அவள் இன்ஸாவைப் பார்க்கவில்லை. பட்டைக் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"பத்து," என்றாள் தாலேயா. "எதிர்ப்பு?"

இன்ஸா கையைத் தூக்கினாள்.

"ஒன்னு. எழுதிக்கோ. கையெழுத்துப் போட்டுடு."

இன்ஸா எழுதினாள். பத்து, ஒன்று. தேதி. கையெழுத்து மட்டும் போடவில்லை. பேனாவை மூடினாள். கோப்பையில் தேநீர் பாதி இருந்தது, முதல் கோப்பை. போதும் என்பதற்கு அடையாளமாகக் கரண்டியை எடுத்து அதற்குள் நிறுத்தினாள். இந்த ஊரில் மூன்று கோப்பைக்கு முன்னால் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள், வீட்டுக்காரியை அறைய நினைத்தால் தவிர. ஊற்றுவதற்குக் கெண்டியைத் தூக்கியிருந்த தாலேயா அப்படியே நின்றாள்.

"ஃபைலை வெச்சிட்டுப் போ. அது சங்கத்தோடது."

"எஸ்கேயும் சங்கம்தான். சந்தா கட்டியிருக்கா," என்றாள் இன்ஸா. ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

வார்டில் எஸ்கே முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார்ந்திருந்தாள். கால்மாட்டில் யெல்தோ, கையில் பிரிக்காத ஆரஞ்சு. இன்ஸா கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஃபைலைத் திறந்து கட்டில்மேல் வைத்து, விரலால் வரியைக் காட்டினாள்.

எஸ்கே படித்தாள். இரண்டாம் முறை படித்தாள். பிறகு இழுப்பறையைத் திறந்து குப்பியை எடுத்து லேபிளைப் பார்த்தாள்.

"இது எப்ப தெரியும் உங்களுக்கு?"

"எழுதினது மே மாசம். அப்ப அதுக்கு அர்த்தம் தெரியாது."

"அதைக் கேக்கல. அர்த்தம் எப்ப தெரிஞ்சுது?"

இன்ஸாவுக்குப் பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது.

"நேத்து. நீ லேபிளைக் காட்டினப்ப."

"நான் தயிர்ல தூவினப்ப."

"ஆமா."

"நேத்து ராத்திரி மூணு சாப்பிட்டேன். இன்னைக்குக் காலையில மூணு. மத்தியானம் மூணு." எஸ்கே விரல் விட்டு எண்ணவில்லை. "ஒரு ஃபோன் பண்ண முடியலையா உங்களால?"

"தாள்ல பாத்துட்டு..."

"தாள்ல பாத்துட்டு அப்புறம் எங்க போனீங்க? கூட்டத்துக்கா?"

இன்ஸா தலையாட்டினாள்.

"டீ குடிச்சீங்களா?"

"அரைக் கோப்பை."

யெல்தோ எழுந்தான். ஆரஞ்சு உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. அடிக்கத்தான் போகிறான் என்று இன்ஸா நினைத்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. அவன் அவளைத் தாண்டிப் போய்ச் சுவரில் இருந்த அழைப்பு மணியை அழுத்தினான். அழுத்திய விரலை எடுக்கவே இல்லை. நர்ஸ் ஓடிவந்து கையைப் பிடித்து விலக்கினாள்.

வார்டு டாக்டர் சின்னப் பெண். சனிக்கிழமைப் பணியில் களைத்திருந்தாள். குறிப்பை நின்றபடியே படித்தாள். படிக்கப் படிக்க முதுகு நிமிர்ந்தது. குப்பியை வாங்கித் திறந்து முகர்ந்தாள், மூடி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை? எத்தனை மாசமா?"

"ஒம்போது," என்றாள் எஸ்கே. "மார்ச்லேர்ந்து. மே வரைக்கும் நல்லதைச் சாப்பிட்டிருக்கேன் போல. அதுக்கு அப்புறம் இது."

"இன்னையோட நிறுத்துறோம். தினமும் ரத்தம் பாக்கலாம். எண் இறங்க ஆரம்பிச்சா ஊசியும் வேண்டாம், ஸ்டீராய்டும் வேண்டாம். இறங்குமான்னு இப்ப என்னால சொல்ல முடியாது. நீங்க இதை அன்னைக்கே எழுதியிருக்கணும்."

"பட்டையையா?"

"எல்லாத்தையும்."

"நீங்க எல்லாத்தையும் கேட்டிருக்கணும்," என்றாள் எஸ்கே. "மருந்துன்னு கேட்டீங்க."

டாக்டர் பிளாஸ்டிக் பையின் வாயை ஒட்டினாள். "ஆமா," என்றாள். பிறகு இன்ஸா பக்கம் திரும்பினாள். "நீங்களும் சாப்பிடுறீங்களா?"

"நாலு."

"உங்களுக்கும் ரத்தம் பாக்கணும். வேற யாரெல்லாம்?"

"இருபது பேராவது இருப்பாங்க. தலைவி எட்டு சாப்பிடுறாங்க."

"எட்டா? கூப்பிடுங்க அவங்களை. இப்பவே."

எஸ்கே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். "வெளிய போய்ப் பேசுங்க," என்றாள். "அவ குரல் எனக்குக் கேக்க வேண்டாம். உங்களோடதும்தான்."

இன்ஸா தாழ்வாரத்துக்கு வந்தாள். டாக்டரும் பேனாவோடு கூட வந்து நின்றாள். நாலைந்து முறை மணி அடித்தபிறகு தாலேயா எடுத்தாள். பின்னால் கோப்பைச் சத்தம், பேச்சுச் சத்தம். கூட்டம் இன்னும் முடியவில்லை.

"என்ன, கோபம் தணிஞ்சுதா? திரும்பி வரியா?"

"இல்ல. இன்னைக்கு எத்தனை சாப்பிட்டீங்க?"

"என்ன கேள்வி இது?"

"டாக்டர் பக்கத்துல நிக்கிறாங்க. எத்தனை சாப்பிட்டீங்க, தாலேயா? எத்தனை மாசமா?"

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். தாலேயா மூச்சு விடுவது கேட்டது, இரண்டு முறை, மூன்று முறை.

"அஞ்சு," என்றாள் கடைசியில். "இன்னும் மூணு பாக்கி. எல்லாரையும் போல மே மாசத்துலேர்ந்துதான்."

இன்ஸா அதை டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டாள்.

"அந்த மூணை எடுக்காதீங்க," என்றாள் இன்ஸா. "பக்கத்துல யாரு, சில்யாவா? ஃபோனை அவகிட்ட குடுங்க. அவ எத்தனை சாப்பிட்டான்னும் கேக்கணும்."